தோணியின் பின்மூலை

கிட்ட வந்து உட்காருங்க. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை திறந்த அன்றைக்கு நடந்த கூத்து இது.

கடை மகேஷுடையது. ஆனால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் அவன் அப்பா சுயம்புலிங்கம். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். தான் ஓட்டிய தோணியையே அச்சு அசலாகச் சுருக்கி, தேக்கில் செய்து, கடை நடுவே வைத்திருந்தார்.

மேல்தளத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாலிஷ் ஏற்றுகிற வேலை மட்டும் பெண்டாட்டி தங்கத்துக்கு.

அன்று காலையில் சுயம்புலிங்கம் தளத்தைத் தடவிக்கொண்டே போனார். பின்பக்கம் இடது மூலையில் விரல் இறங்கியது.

"ஏட்டி, பலகையைத் தின்னுட்டியா? பள்ளம் விழுந்து கெடக்கு!"

"அது அப்படித்தான் இருக்கணும்."

"தண்டல் நானா, நீயா?"

மகேஷ் தலையில் கை வைத்தான். "எம்மா, ஊரே வரப்போவுது. இன்னிக்கிப் பார்த்தா மானத்தை வாங்குவே?"

"பட்டி வெச்சு அடைச்சிருதேன்" என்று டப்பாவை எடுத்தார் சுயம்புலிங்கம்.

"அடைங்க. திரும்பத் தேய்ப்பேன்." தங்கம் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த மூலையை மறைத்துக்கொண்டே நின்றார் மனிதர்.

பட்டுப்புடவை எடுக்க மயிலாப்பூரிலிருந்து வந்த ராமானுஜம் சும்மா இருப்பாரா? சுற்றி வந்து தடவினார். விரல் நேரே அங்கேதான் போய் நின்றது.

"தளமெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்கு. இங்க மட்டும் ஏன் சார் பள்ளம்?"

எல்லாரும் திரும்பினார்கள். மகேஷுக்கு முகம் செத்துவிட்டது.

சுயம்புலிங்கம் மீசையைத் தடவிவிட்டார்.

"அதுவா? தண்டல் நின்னு காத்துப் பார்க்க எடம்லா! நின்னு நின்னு பலகையே தேஞ்சு போச்சு. கடல்னா சும்மாவா?"

"அடேயப்பா! அதைக்கூட விடாம செஞ்சிருக்கேளே!" ராமானுஜம் போட்டோ எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

அப்போது தண்டலின் சட்டைப்பையில் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம். அவருக்கு எப்பவும் ஸ்பீக்கர்தான்.

"அலோ, யாரு?"

"நாந்தான். கரை தெரிஞ்சதும் போனைத் தூக்கிட்டு அந்த மூலைக்கு ஓடிவந்து, 'தங்கம், இங்க நின்னாத்தான் டவர் கெடைக்கு'ன்னு கத்துவீங்களே, மறந்துட்டா? ஒருநாள் தோணியில ஏறிப் பார்த்தேன். அந்தப் பலகை உங்க காலுக்குத் தேஞ்சு கெடந்துச்சு. அதைத்தான் தேய்ச்சு வெச்சேன்."

கடை மொத்தமும் கல்லாப் பக்கம் திரும்பியது. தண்டலுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அந்தப் பள்ளத்தை மெதுவாக ஒரு தரம் தடவினார். இப்போது மறைக்கவில்லை, தள்ளி நின்று எல்லாருக்கும் காட்டினார்.

தங்கம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

"காத்து எப்படி அடிக்கு, தண்டலே?"