மானேஜரின் மீன்கள்

“துப்பு! முழுங்கிடாத, துப்பு!”

கணவன் கத்தி முடிப்பதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அவள் வாஷ்பேசினுக்கு ஓடி, குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தாள்.

“என்ன, உள்ள போயிருச்சா?”

“போயிருச்சு. உங்க மானேஜரோட மீன் போன மூத்திரமெல்லாம் என் வயித்துக்குள்ள போயிருச்சு. சந்தோஷமா?”

ஹாலில், அவள் வாய் வைத்து உறிஞ்சி இழுத்துவிட்ட ரப்பர் குழாய் வழியே மீன்தொட்டியின் தண்ணீர் பக்கெட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. பாசிப்பச்சையில், நுரையோடு. வீடு முழுக்கச் சாக்கடை வாடை.

தொட்டி மானேஜருடையது. நான்கு நாள் வெளியூர்ப் பயணம் கிளம்பியவர், தொட்டியையும் விரல் நீளத்தில் நாற்பது பொன்மீன்களையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மெலிந்துவிட்டது என்று அவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, வேளைக்கு ஒரு கைப்பிடி தீனியைக் கொட்டினான் கணவன். தின்றது போக மீதி அழுகி, மோட்டாரின் வடிகட்டிப் பஞ்சை அடைத்தது. இன்று காலை பார்த்தால் மோட்டார் கருகிக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. மூன்று மல்லாந்துவிட்டன.

உடனே வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். “இன்னிக்கு லீவு நாளுங்க. மோட்டார் சாயங்காலம்தான் கொண்டு வர முடியும். அதுவரைக்கும் தீனி போடாதீங்க. மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்துங்க, நேத்துப் பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கட்டும். அப்புறம் மக்குல மொண்டு மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்திக்கிட்டே இருங்க, காத்து கலக்கும். பத்து சொட்டு மருந்து விட்டா இன்னும் நல்லது.”

“ஐயோ, மருந்து மட்டும் வேணாங்க!” என்று பதறினான் கணவன். மானேஜர் கிளம்பும்போது மூன்று தடவை சொன்ன ஒரே நிபந்தனை அது. தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து கலக்கக் கூடாது.

வாஷ்பேசினிலிருந்து அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “போனாப் போகுதுன்னு விடுங்களேன். மீன்தானே?”

“மீனா? அது என் டிரான்ஸ்ஃபர்! நாளைக்கு லிஸ்ட் போகுது. அதுலேர்ந்து என் பேர அவர் அடிச்சாத்தான் உண்டு. இல்லேன்னா உன் பிரசவத்தப்போ நான் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி உக்காந்திருப்பேன்.”

“மூணு மாசக்காரிய வாய் வச்சு உறிஞ்ச விட்டுட்டு, பிரசவத்தப் பத்திப் பேசறாரு பாரு!”

“எனக்குக் குழாயப் பாத்தாலே குமட்டுதுடி.”

“எனக்கு மட்டும் மல்லிப்பூவா மணக்குதா?”

பஞ்சையும் அவள்தான் பிழிந்தாள். கறுப்பாக, கொழகொழவென்று சளி மாதிரி வழிந்து முழங்கை வரை இறங்கியது. அதற்குள்ளிருந்து ஊறிப்போன ஒரு செதில் விரலில் ஒட்டிக்கொண்டது. கையை உதறியபடியே மானேஜரை, அவர் மீனை, அவர் பரம்பரையை வரிசையாகத் திட்டினாள்.

பிறகு இருவரும் மாறி மாறி மக்கில் மொண்டு ஊற்றினார்கள். மதியம் சாப்பாட்டைத் திறந்த அவள் அப்படியே மூடிவிட்டாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஆனாலும் சாய்ந்து கிடந்த மீன்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து வாலாட்டியபோது, அவளையும் அறியாமல், “பொழச்சுக்கடி, பொழச்சுக்க” என்றாள்.

சாயங்காலம் புது மோட்டார் வந்து குமிழி விடத் தொடங்கிய சற்று நேரத்தில் வாசலில் கார் நின்றது.

“சார்… மோட்டார் கருகி… மூணு செத்துப்போச்சு சார்.” கணவன் திக்கினான்.

மானேஜர் தொட்டி முன் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. “மூணுக்கா இப்படி நடுங்குறீங்க? முப்பத்தேழு துள்ளுதே! உயிரோட இருக்குல்ல, அதுதான்யா முக்கியம்.”

அவர் பார்வை அவளுடைய ஊறி வெளுத்த கைகள் மேல் விழுந்தது. “நீங்கதான் காப்பாத்துனீங்களாம்மா? வாயில்லா ஜீவனுக்கு இப்படிப் பாடுபட யாருக்கு மனசு வரும்? நாளைக்கு மொத வேலையா இவர் பேர லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடறேன்.”

காலையிலிருந்து திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். கணவன் அவள் காதோரம், “ஆபீஸ்லதான் எரிஞ்சு விழுவாரு. தங்கமான மனுஷன்” என்று கிசுகிசுத்தான்.

மானேஜர் சிறு வலையும் பாலிதீன் பையும் எடுத்தார். கொழுத்ததாகப் பார்த்து எட்டு மீன்களை அள்ளிப் பைக்குள் விட்டார்.

“எல்லாத்தையும் எடுத்துக்கலையா சார்?” என்றாள் அவள்.

“மீதி இங்கயே இருக்கட்டும்மா, நல்லா வளக்கிறீங்க. தெனம் ஆபீஸ் வரும்போது இவர்கிட்ட எட்டு எட்டா குடுத்து விடுங்க.”

“எதுக்கு சார் எட்டு எட்டா?”

“வீட்ல ஒரு பெரிய மீன் இருக்கு, முழ நீளம். செத்தத மோந்துகூடப் பாக்காது, மருந்து பட்டது அதுக்கு ஆகாது. துடிக்கத் துடிக்கப் போடணும்.”

அவள் கை தானாக வாயைப் பொத்தியது. மானேஜர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பிள்ளையை நினைத்த தகப்பன்போல உருகினார்.

“பாவம், நாலு நாளாப் பட்டினி.”