எதிர்க் கட்டிலின் பாதங்கள்

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி ஏறிய இடது கையை அசைக்காமல், மடியில் வைத்த நோட்டில் கண்ணெதிரே இருப்பதை வரைந்துகொண்டே ஞானதுரை நான்கு மணி நேரத்தையும் தள்ளிவிடுவார். படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது எதிர்க் கட்டிலில் போர்வைக்கு வெளியே நீண்டிருக்கும் மாசானத்தின் பாதங்கள் மட்டும்தான். இரண்டு வருடமாக அவற்றையே வரைந்தார்.

மாசானத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய மனைவி வார்டுக்கு வந்தாள்.

"நீங்க படம் வரைவியளாம்லா. அவுக மொகம் ஒண்ணு இருக்குமா?"

ஞானதுரை கூச்சத்தோடு நோட்டை நீட்டினார். "காலுதாம்மா இருக்கு."

அவள் நின்றபடியே புரட்டினாள். "இது மவ பேறுகாலத்துக்கு வந்த அன்னைக்கு. சந்தோசம்னா பெருவிரலு தனியா நிக்கும் அவுகளுக்கு." இன்னொரு பக்கம். "இது எங்கூடச் சண்ட போட்டுட்டு வந்தது."

தேதிகூடப் போடாத பக்கங்கள் அவை. கோடு பிசகிவிட்டது என்று அவர் நினைத்திருந்த இடங்களில்தான் அவள் விரல் போய் நின்றது. தான் வரைந்ததைத் தானே இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் ஞானதுரைக்கு இருந்தது.

கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவுகளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. நோட்டைக் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்தாள்.

போகிற வழியில், ஞானதுரையின் கால்மாட்டில் ஒரு கணம் நின்றாள். அவர் தன் பாதங்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.