யார் பேரில்?

தச்சர் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரும்புச் சட்டத்தில் அப்பியிருந்த மண்ணை ஆணியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பொறித்திருந்த எண்ணில் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை.

"என்னண்ணே, வண்டிக்கு வைத்தியமா?" என்று சிரித்தான் சிரிப்புக்காரன். எதற்கெடுத்தாலும் சிரித்ததால் தச்சர் அவனுக்கு மனதுக்குள் வைத்த பெயர் அது.

"திருட்டு வண்டின்னா இந்த எண்ணத்தான் முதல்ல ராவி மாத்துவாங்க."

எச்சில் தொட்டுத் துடைத்ததும் எட்டு துலங்கியது. அவன் போனில் அனுப்பியிருந்த வண்டிப் புத்தகத்தின் படத்திலும் எட்டுதான். அப்படியும் தச்சருக்கு மனம் ஆறவில்லை.

அவர் பட்டது அப்படி. முன்பு ஆசையாக வாங்கிய பைக்கின் மேல் யாரோ கட்டாத கடன் இருந்திருக்கிறது. நடுத்தெருவில் மறித்து, இறக்கிவிட்டு, ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தவர்களெல்லாம் அவரைத்தான் திருடன் என்று நினைத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீடு வரை நடந்தார்.

இந்த வேனுக்கான விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டபோது சிரிப்புக்காரன்தான் பேசினான். தெருமுனையில் காத்திருந்து அழைத்து வந்தவனும் அவனே.

"அக்கா வண்டிண்ணே. மாமா தவறினதுல இருந்து சும்மாவே நிக்குது. அக்காகிட்ட விலைப் பேச்சு மட்டும் எடுத்துடாதீங்க. மாமா ஆசையா வாங்கினது, காசுன்னு காதுல விழுந்தா மனசு மாறிடும். பேங்க் கணக்கும் மாமா பேர்ல முடங்கிக் கிடக்கு. பணத்த எனக்கு அனுப்பிடுங்க."

வண்டிக்காரம்மா ஒரு டீச்சர். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த இருவருக்கும் தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். புத்தகத்தை விட மனமில்லாதவர் போல நீட்டினார். தச்சரை ஏற இறங்கப் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதுல வேற ஆள் பேரு இருக்கேம்மா?"

"என் வீட்டுக்காரர். அடுத்த பக்கத்தத் திருப்புங்க. என் பேருக்கு மாத்தியாச்சு."

"பேங்க் முத்திரை குத்தியிருக்கு. கடன் நிக்குதா?"

டீச்சர் அலமாரியைத் திறந்து, கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை எடுத்து வைத்தார். தச்சர் அதை நம்பவில்லை. அங்கேயே வங்கிக்குப் போன் போட்டு, வண்டி எண்ணைச் சொல்லி, "பாக்கி எதுவும் இல்லை" என்று காதால் கேட்ட பிறகே வைத்தார்.

"நாளைக்குப் பிள்ளைங்க யாராவது உரிமை கேட்டு வந்தா?"

"ஒரே பொண்ணு. அவ சம்மதக் கடுதாசியும் இருக்கு." டீச்சரின் குரல் சூடாகிவிட்டது. "இவ்வளவு சந்தேகம் இருந்தா எதுக்குங்க வாங்கணும்?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் எப்பவும் அப்படித்தான்" என்று சிரித்தான் சிரிப்புக்காரன்.

"பரவாயில்ல தம்பி."

மகளின் கையெழுத்தையும் பார்த்த பிறகு தச்சர் பெயர் மாற்றப் படிவத்தை நீட்டினார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஆனால் புத்தகத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாவியும் அவர் கைக்குள்ளேயே இருந்தது.

தச்சர் கடைசியாக ஒன்று கேட்டார். "அப்ப, தம்பி சொன்ன மாதிரியே முடிச்சிடலாமாம்மா?"

"தம்பி சொன்ன மாதிரியே முடிச்சிடலாம்."

அந்த வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். கைபேசியை எடுத்துப் பணத்தை அனுப்பினார். வருஷக்கணக்காக மரத்தூளைத் தின்று சேர்த்தது.

சிரிப்புக்காரன் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு எழுந்தான். "படிவத்த ஒரு நகல் எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்க்கா. அண்ணன் இங்கதானே இருக்காரு."

டீச்சர் தச்சரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

தச்சருக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது. இனி வாடகை வண்டிக்காரனிடம் கெஞ்ச வேண்டாம். கட்டிலோ பீரோவோ, சொந்த வண்டியில் ஏற்றி, முன்சீட்டில் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு போகலாம். இந்த அம்மாளை இவ்வளவு குடைந்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா. நான் ஒரு தடவ ஏமாந்தவன்."

டீச்சரின் முகம் இளகியது. "நானும்தான் உங்களச் சந்தேகப்பட்டேன். இத்தனை கேள்வி கேட்டவர் விலையப் பத்தி மூச்சே விடலையேன்னு."

"பேசக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டாரு."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு."

இருவரும் முதன்முறையாகச் சிரித்தார்கள். தச்சர் எழுந்து கையை நீட்டினார். "சாவியக் குடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"பணம் வந்ததும் தர்றேன்."

"அதான் அனுப்பிட்டேனேம்மா."

டீச்சர் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். "எனக்கு எதுவும் வரலையே. யாருக்கு அனுப்பினீங்க?"

"உங்க தம்பிக்குத்தான்."

டீச்சரின் கண்கள் திறந்து கிடந்த வாசலுக்குப் போய், மெல்லத் தச்சரிடம் திரும்பின.

"அவரு உங்க தம்பி இல்லையா?"