ஒரே ஒரு பிரதி

“அவரை அனுப்பி வைக்கிற பேப்பர்ல என் கையெழுத்தா? என்னால முடியாது சார்!” வக்கீலின் மேஜையில் தலையைச் சாய்த்து அந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். வக்கீலுக்கே கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். ஓர் ஆணியைக்கூடக் கையெழுத்து வாங்காமல் வெளியே விட்டதில்லை.

“ஏய், மூக்கைச் சிந்தாதே! நான் நினைவு தப்பிக் கிடந்தா ட்யூபு, மெஷினு எதுவும் வேணாம், நிம்மதியாப் போக விடுங்கன்னு டாக்டருங்களுக்கு எழுதி வெக்கிறேன். இவ அம்மா மூக்குல ட்யூபோட பதினோரு மாசம் கிடந்துச்சு சார். அந்தக் கதி எனக்கு வேணாம்.”

“அடப்பாவமே, பதினோரு மாசமா?”

“எடுத்துடலாம்னு இவ தினம் என் கால்ல விழுந்தா. விடுவேனா? வீட்டுக் கேஸ் மாமியார் பேர்ல நடக்குது. மூச்சு நின்னா மச்சான் உள்ள பூந்துடுவான். தீர்ப்பு கைக்கு வந்த அன்னிக்குத்தான் எடுக்கச் சொன்னேன்!” ஏதோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி சிரித்தார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரிங்க. நீங்க சொன்னா போடறேன்.”

மூலையில் டைப்பிஸ்ட் பெண், பிழை வந்த தாளைக் கிழிக்கிற மெஷினுக்குள் விட்டாள். கர்ர்ரென்று சத்தம். அந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“இதுல போட்டா மறுபடி ஒட்ட முடியாதாம்மா?”

“நூல் நூலாப் போயிடும்மா.”

“ஏ பொண்ணு, வாயடிக்காம ஒழுங்கா டைப் அடி!” என்று அதட்டினார் ஸ்டோர் கீப்பர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

“மூணு பிரதியாப் போட்டுடலாம். எங்கிட்ட ஒண்ணு, உங்க டாக்டர்கிட்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்தார் வக்கீல்.

“அய்யய்யோ, கூடவே கூடாது! பசங்க கண்ணுல பட்டுதுன்னா, எனக்கு ஜலதோஷம் பிடிச்சாலே முடிச்சுடுவானுங்க. ஒரே ஒரு காப்பி. அதுவும் இவகிட்டதான்.”

“யோசிச்சுக்கோங்க. உங்களுக்குப் பதிலா முடிவு சொல்ற ஆள்னு இவங்களைத்தான் எழுதியிருக்கீங்க. இவங்க இதை எடுத்து நீட்டலைன்னா ஆஸ்பத்திரியில வைத்தியம் பாட்டுக்கு நடந்துட்டே இருக்கும்.”

“நாப்பது வருஷத்துல என் பேச்சை ஒரு தடவை மீறியிருப்பாளா? அவளையே கேளுங்க சார்!”

வக்கீல் கேட்கவில்லை. இப்படி ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவியா என்று அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். டைப்பிஸ்டும் பக்கத்து அறை குமாஸ்தாவும் சாட்சி போட்டார்கள். தாளை உறையில் போட்டு அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பினார். “மெதுவா வந்து சேரு, நான் வண்டியைப் பிடிக்கிறேன்” என்று ஸ்டோர் கீப்பரும் படியிறங்கினார்.

டைப்பிஸ்ட் பையை எடுக்கக் குனிந்தாள். கர்ர்ர்.

நிமிர்ந்து பார்த்தாள். மெஷின் முன்னால் அந்த அம்மாள், வெறும் உறையை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“ஐயையோ, என்னம்மா பண்ணிட்டீங்க? இருக்கிறதே அது ஒண்ணுதானே!”

“எங்கம்மாவுக்குப் பதினோரு மாசம். அவருக்குப் பதினோரு வருஷமாவது வேணாமா?”