மூன்றாவது வரிசையில் ஒருவர்

“முழங்கால் நோகுது எண்டு கதிரையிலயே இருந்தீங்கள் எண்டால், பிறகு கதிரைக்குத்தான் நோகும்.”

சிவாஜினி இப்படித் தொடங்கியதும் செவன் ஹில்ஸ் மண்டபம் முழுக்கச் சிரித்தது.

ஃபிசியோதெரபிஸ்டாகத் தனித்தனியே எத்தனையோ பேரோடு பேசியிருக்கிறாள். முழங்கால் வலி பற்றி ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று பேசுவது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அறுபது வயதிருக்கும். நீலச் சட்டை. புருவத்தை நெரித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவள் கண்ணுக்கு வேறு முகமே தெரியவில்லை.

முன்வரிசை அன்ரிமார் தலையாட்டினார்கள். யாரோ ஃபோனில் வீடியோ எடுத்தார்கள். அவள் அந்தப் புருவத்துக்குத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

முகம் பார்த்து நடப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. மெரிலேண்ட்ஸ் வீட்டில் கணவன் கார்ச் சாவியை மேசையில் வைக்கும்போதே, இன்றைக்குத் தான் என்ன பிழை விட்டோம் என்று அவன் முகத்தில் தேடுவாள். அவனைவிட்டு வந்து இரண்டு வருடமாகிறது. தேடுவது மட்டும் நிற்கவில்லை.

சொல்ல வைத்திருந்ததில் பாதியை விழுங்கிவிட்டுப் பேச்சை முடித்தாள்.

கூட்டத்தை ஒழுங்குசெய்த சிவனேஸ்வரி அக்கா ஓடிவந்து கையைப் பிடித்து, அடுத்த மாதமும் வர வேண்டும் என்றாள். ஏலாது என்று சொல்ல சிவாஜினி வாயெடுத்தாள்.

அதற்குள் நீலச் சட்டைக்காரர் எதிரில் வந்து நின்றார்.

“பிள்ளை, என்னில ஏதும் கோவமோ?” தணிந்த குரலில் கேட்டார். “நான் பிந்தி வந்து இருக்கேக்கை எல்லாரும் சிரிச்சவை. என்னைப் பாத்துத்தான் சிரிக்கினமோ எண்டு நினைச்சன். பிறகு பாத்தால், நீங்களும் என்னையே முறைச்சுக்கொண்டு நிண்டீங்கள். என்ன பிழை விட்டன் எண்டு யோசிச்சதில நீங்கள் சொன்ன ஒண்டும் மண்டைக்குள்ள ஏறேல்லை.”

தன் முகத்துக்கு ஒருவர் பயப்படுவார் என்று சிவாஜினி கனவிலும் நினைத்ததில்லை.

“ஐயோ, இல்லை அங்கிள்” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. அவள் சிரிப்பதைக் கண்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். அப்படிச் சிரிக்கும்போது அவருக்குப் பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது.

சிவாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அக்காவிடம் திரும்பினாள்.

“அடுத்த மாசம் வாறன் அக்கா.”