பாதிச் சவரம்

சலூன்காரரின் விரல் கன்னத்தில் பட்டதும், உடம்பில் ஏதாவது கிளர்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டது இருதயராஜின் சனியன் பிடித்த மனசு. தேடத் தேட ஏதோ இருப்பதுபோலவே தோன்றியது. பாதி முகத்து நுரையோடு நண்பன் தாமுவின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான்.

"நானும் உன்ன மாதிரியாடா?"

தாமு காகிதக் கட்டை மேஜையில் அறைந்தான். "தினமும் இதே கேள்வி! எனக்கு ஆம்பளையத்தான்டா புடிக்கும். அதை ஒருநாளும் சோதிச்சுப் பாத்ததில்ல. சிலர் ஓயாம கை கழுவுவாங்க, நீ மனசைக் கழுவிக்கிட்டிருக்க. உனக்கு இருக்கறது நோய், டாக்டரைப் பாரு. எனக்கு இருக்கறது நோயில்ல!"

இருதயராஜுக்குப் பாரம் இறங்கியது. வாசல்வரை போனவன் திரும்பினான்.

"நிச்சயமாத்தானே சொல்ற?"

தாமுவின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. சொன்னால் அந்த நோய்க்குத்தான் தீனி, நாளைக்கும் இதே கேள்வியோடு வந்து நிற்பான் என்று பல்லைக் கடித்து அதை விழுங்கினான்.