நாரைப் பூட்டுப் பெட்டகம்

கப்பல் இன்ஜினியர் சேசையா கோபே துறைமுகத்தில் வாங்கிவந்த பழைய ஜப்பானியப் பெட்டகம் அது. கருஞ்சிவப்பு அரக்குப் பூச்சு, பூட்டைச் சுற்றி இரும்பில் வெட்டிய ஒரு நாரை. மேல் இழுப்பறை அவருக்கு, கீழ் இழுப்பறை மனைவி எமல்டாவுக்கு. இரண்டும் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருந்ததால், ஒன்றை மூடினால் உள்ளே அடைபட்ட காற்று மற்றதை நாலு விரற்கடை வெளியே தள்ளிவிடும்.

அவள் தடுத்தும் கேளாமல் மகனையும் அவர் கப்பலுக்கு அனுப்பியதில் முறிந்த பேச்சு பதினோரு வருடமாகியும் ஒட்டவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு எமல்டா போய்விடுவாள். ஆனால் காலையில் அவர் சட்டை எடுத்துவிட்டு மூடுவார், அவளுடையது திறந்துகொள்ளும். அவள் வந்து மூடுவாள், அவருடையது திறக்கும். அவர் மறுபடி எழுந்து வருவார். சில நாள் ஐந்தாறு தடவைகூட நடக்கும்.

சேசையாவின் அடக்கம் முடிந்து தங்கியிருந்த மகள், அப்பாவின் இழுப்பறை தானாகத் திறப்பதைப் பார்த்துப் பயந்துபோய் ஆசாரியைக் கூட்டிவந்தாள். அவர் இரண்டையும் இழுத்து மூடிப் பார்த்தார்.

"கோளாறு ஒண்ணுமில்லம்மா. வேகமா மூடுனாத்தான் தள்ளும். மெதுவா மூடுங்க, மத்தது திறக்காது."

"தெரியும்," என்றாள் எமல்டா. "அவுகளுக்கும் தெரியும்."

பிறகு சேசையாவின் இழுப்பறையை இரண்டு கைகளாலும் மெல்ல உள்ளே தள்ளினாள். அவளுடையது அசையவில்லை.